பச்சைத் தாராவும் ரெசின் பூசிய அலுமாரியும்

கழுதைகள் நகர்வதாக இல்லை. பாலாவிச் சந்தியில் திரும்பி கற்பிட்டி வீதியில் கொஞ்சத் தூரம்தான் வந்திருந்தோம். ஏழெட்டுக் கழுதைகள் நடுவீதியில் நின்று எங்கள் வான் வண்டியைப் பார்த்தன. சாரதி ஹோர்ன் அடித்தார். ஒன்று மட்டும் காதை அசைத்தது.

“அம்மா, இந்தக் குதிரைக்கு ஏன் பெரிய காது?” என்றாள் தியா. அவளுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. சிங்கப்பூரில் பிறந்தவள். கழுதையைப் படத்திலாவது காட்டியிருக்கிறேனா என்று யோசித்தேன். காட்டவில்லை. அதற்கும் ஒரு குற்ற உணர்ச்சி வந்தது.

சாரதி கீழே இறங்கிப் போய் ஒரு கழுதையின் கழுத்தில் கை வைத்து, தங்கையிடம் பேசுவது போலச் சிங்களத்தில் கதைத்தார். “நங்கி, இந்த அம்மாவுக்குப் பிள்ளை இருக்கு, பால் போத்தல் இருக்கு, கொஞ்சம் வழி விடு.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “நாங்கள் வர முன்னமே இங்கே இருந்த ஆட்கள், நோனா. மரியாதையாகத்தான் கேட்க வேண்டும்” என்றார். கழுதை வழி விட்டது. தியா கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கை காட்டினாள். நான் பையைத் திறந்து காய்ச்சல் மருந்து, நுளம்பு கடிக்காமல் தடவும் தைலம், பால்மா எல்லாம் இருக்கின்றனவா என்று மறுபடியும் பார்த்துக்கொண்டேன்.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள். யாழ்ப்பாணத்தில் நுண்கலை படித்து, கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய், அங்கே பழைய சீனத் தளபாடங்கள் விற்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். கடை மிஸ் டான் என்ற வயதான சீனப் பெண்மணியுடையது. அவருக்கு ஆலங்குடாக் கடற்கரையில் ஒரு வீடு இருக்கிறது. காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிறவர்கள் ஒரு காலத்தில் அங்கே தங்குவார்கள். தமக்குப் பிடித்த சில கதிரைகளையும் ஓர் அலுமாரியையும் மூன்று திபெத்திய ஓவியங்களையும் மிஸ் டான் அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார். முழங்கால் வலியால் இப்போது அவரால் பயணம் செய்ய முடிவதில்லை.

“நீ போய்ப் பார்த்துவிட்டுச் சொல்” என்றார் என்னிடம். “பொருட்கள் நன்றாக இருந்தால் வீடு இப்படியே இருக்கட்டும், திரும்பவும் ஆட்களைத் தங்க விடலாம். உப்புக் காற்று அவற்றைத் தின்றுகொண்டிருந்தால் எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிட்டு வீட்டை மூடிவிடுவோம்.”

வீட்டை மூடினால், அதைப் பார்த்துக்கொள்ளும் தம்பதியான நிஸாம் நானாவும் பரீதா ராத்தாவும் வேறிடம் தேட வேண்டும். அவர்கள் அந்த வீட்டின் பின்பக்கத்திலேயே குடியிருப்பவர்கள். இதை மிஸ் டான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. நான் வருவதற்குள் அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

ஆலங்குடாவில் வான் நின்றபோது தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று கதவைத் திறக்க விடவில்லை. தியாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். வாய்க்குள் மணல். வாசலில் நின்ற பரீதா ராத்தா ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் போட்டிருந்த முந்தானையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டே சிரித்தார்.

“வாங்க மகள், வாங்க. காத்துப் பொல்லாத காத்து. புள்ளைக்கிப் பசிக்கிதா? ஒங்களுக்கு நண்டு தின்ன ஏலுமா? ஒத்துக்குமா?”

“ஒத்துக்கும் ராத்தா.”

“அப்பாடா. போன முறை வந்தவரு மரக்கறி மட்டும் எண்டு செல்லிட்டாரு. நிஸாமு முகத்தத் தொங்கப் போட்டுட்டு இரிந்தாரு.”

அன்று பகல் சோறும் நண்டுக் கறியும், தேங்காய்ப்பூப் போட்ட முருங்கையிலைச் சுண்டலும், கட்டாக் கருவாட்டுப் பொரியலும் வந்தன. மாசிச் சம்பல் என் கண்ணில் நீரை வரவழைத்தது. சிங்கப்பூரில் வாங்கும் நண்டு தடிப்பானது, மிளகு போட்டு எடுப்பார்கள். இது சிறியது, களப்பு நண்டு, கால்களில்தான் ருசி. ஆனால் கால்களை உடைத்துச் சாப்பிட எனக்கு ஏது நேரம்? தியாவுக்கு முள் பார்த்து மீன் ஊட்டி, அவள் யன்னலருகே போக எழுந்து ஓடிப் பிடித்து, திரும்பி வந்து உட்கார்ந்தபோது என் சோறு ஆறிப் போயிருந்தது. அது ஒன்றும் புதிதில்லை. தியா பிறந்த நாளிலிருந்து ஆறிய சோறுதான் என் சோறு.

பின்னேரம் கூடத்துக்குப் போனேன். கதிரைகளைக் கண்டதும் மனம் ஆறியது. ஒரு சோடிக் கதிரைகள் எதிரெதிராகப் போடப்பட்டிருந்தன. சீனாவின் பழைய காலத்து அதிகாரிகள் இரண்டு பக்கமும் நீண்ட சிறகு வைத்த தொப்பி அணிவார்கள். இந்தக் கதிரைகளின் மேற்சட்டமும் அப்படியே இருபுறமும் நீண்டு நிற்கும். ஓர் ஆணியும் கிடையாது. மரம் மரத்துக்குள் புகுந்து பிடித்துக்கொண்டிருக்கும். முதுகு சாயும் ஒற்றைப் பலகை மெல்ல வளைந்திருக்கும். பார்க்கும்போது கடினமாகத் தெரியும். சாய்ந்தால் முதுகெலும்பை யாரோ கை கொடுத்துத் தாங்குவது போலிருக்கும். முன்னால் பாதம் வைக்கும் குறுக்குச் சட்டம் நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. எத்தனையோ பேர் கால் வைத்த இடம். எங்கள் வீட்டுக் கதிரைகளில் நாம் தேய்வதுதான் வழக்கம், கதிரை தேய்வதில்லை என்று நினைத்துச் சிரித்தேன்.

தியா ஏறி உட்கார்ந்தாள். அவளுடைய கால் அந்தச் சட்டத்துக்கு எட்டவில்லை. “இறங்கு, இறங்கு” என்றேன். வாசலில் நின்ற நிஸாம் நானா, “இரிக்கட்டும் மகள். கதிர இரிக்கத்தானே” என்றார். மெலிந்த, உயரமான மனிதர். சிறு வயதிலிருந்து கடலுக்குப் போனவர். முதுகில் ஏதோ கோளாறு வந்த பிறகு வீடு பார்க்கும் வேலைக்கு வந்தார் என்று ராத்தா சொல்லியிருந்தார். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நமக்குப் பின்னால் இருக்கும் தூரத்தைப் பார்த்துப் பேசுவார்.

கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட இரண்டு சிறிய ஓவியங்கள் இருந்தன. அவற்றை அருகில் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஈரம் புகுந்து, வெள்ளை அடிப்பூச்சு செதில் செதிலாக எழும்பியிருந்தது. இளஞ்சிவப்பு இருந்த இடமெல்லாம் பழைய தேநீர்க் கறை போலத் தெரிந்தது. நானாமேலோ ராத்தாமேலோ பிழை இல்லை. கண்ணாடி போட்டது மிஸ் டான்தான். ஆனாலும் என் குறிப்பில் ‘சேதம்’ என்றுதானே எழுத வேண்டும்?

“மூன்றாவது ஓவியம் எங்கே நானா? பெரியது?”

அவர் கடலைப் பார்த்தார். “அது உள்ளறையில. பூட்டியிரிக்கி. தொறப்பு பரீதாக்கிட்ட.”

ராத்தா குசினியிலிருந்து, “தொறப்ப எங்கயோ வச்சிட்டன் மகள், தேடித் தாறன்” என்று சத்தம் போட்டார்.

மறுநாள் காலை பாணும் பருப்பும் சம்பலும் சாப்பிட்ட பிறகு அலுமாரியைப் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் கடையில் நான் மிகவும் விரும்பும் வகை அது. மேலே கொஞ்சம் ஒடுங்கி, கீழே கொஞ்சம் அகன்று, கால்களை விரித்து நிற்கும். கண்ணைப் பறிக்கும் அலங்காரம் எதுவும் இருக்காது. மரத்தின் ரேகைதான் அலங்காரம்: மலைக்கு மேல் மலை அடுக்கியது போல. அந்தச் சரிவினால் கதவைத் திறந்து விட்டால், யாரும் தொடாமலே அது மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும். தியாவுக்கு இதைக் காட்டியபோது அவள் கைதட்டினாள். இன்னொரு முறை. இன்னொரு முறை. விரல் நசுங்குமோ என்று நான் ஒவ்வொரு முறையும் கையை இடையில் வைத்தேன்.

இடது கதவு சரியாக மூடியது. வலது கதவு பாதியில் நின்றது. குனிந்து பார்த்தேன். கதவின் நடுப்பலகை மேலிருந்து கீழாக வெடித்திருந்தது. பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் நாலாபுறமும் மங்கிய பச்சை நிறத்தில் கண்ணாடி போல ஏதோ உறைந்திருந்தது.

“பாத்தீங்களா?” என்றார் நிஸாம் நானா. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். குரலில் பெருமை. “காத்து நேரம் அந்தக் கதவு கடகடண்டு ஆடும். பலகைக்குஞ் சட்டத்துக்கும் நடுவுல இடைவெளி. ஆணியும் இல்ல, பசையும் இல்ல. செஞ்சவன் மறந்துட்டான் போல. நான் போட்டுக்கு அடிக்கிற ரெசின எடுத்து நல்லா அடச்சிட்டன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்குப் போகாது.”

பைபர் படகில் ஓட்டை அடைக்கும் ரெசின். அந்த இடைவெளியைச் செய்தவன் மறக்கவில்லை. அது வேண்டுமென்று விட்டது. மழைக்கு மரம் விரியும், வறண்ட காற்றுக்குச் சுருங்கும். பலகை சட்டத்தின் காடிப் பள்ளத்தில் இறுகாமல் அசைந்து இருந்தால்தான் இரண்டும் பிழைக்கும். இவர் வறண்ட சோளகக் காலத்தில், பலகை சுருங்கியிருந்தபோது அடைத்துவிட்டார். வாடைக்காலத்தில் மழை வந்ததும் அது விரிய இடமில்லாமல் முட்டியிருக்கும். அடுத்த வறட்சியில் சுருங்கப் பார்த்திருக்கும்; நாலாபுறமும் ரெசின் பிடித்து விடவில்லை. நடுவில் வெடித்தது.

“வெடிச்சது எப்போ நானா?”

“போன சோளகம். பெரிய சத்தம். பரீதா கூரையில தேங்கா விழுந்திட்டு எண்டு வெளிய ஓடிட்டா. நல்ல வேளை, நான் முன்னயே அடச்சிரிந்தன். இல்லாட்டி ரெண்டு துண்டும் கழண்டு விழுந்திரிக்கும்.”

நான் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன். “நல்லது நானா” என்றும் சொல்லிவிட்டேன். அன்று முழுவதும் அந்தத் தலையாட்டல் என்னைக் குடைந்தது. சொன்னால் அவர் மனம் புண்படும். சொல்லாவிட்டால் நான் எதற்கு வந்தேன்? இரவு கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். “சொல்லித்தானே ஆக வேண்டும்?” என்றார். “பிள்ளை சாப்பிட்டாளா?” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அடுத்த நாள் தலவிலைக்குப் போனோம். அன்னம்மாள் கோயிலில் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொல்லி என் மாமியார் சிங்கப்பூரிலிருந்து காசு தந்து அனுப்பியிருந்தார். பரீதா ராத்தாவும் கூட வந்தார். “புள்ளையப் புடிக்க ஆள் வேணுமே” என்றார். முச்சக்கர வண்டி ஆலங்குடா மணற்பாதையில் பாதி வழியில் புதைந்தது. ஓட்டி வந்த பையன் இறங்கி, சில்லைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, கைபேசியைப் பார்த்தான். பட்டம் சுமந்துகொண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்து தள்ளினார்கள். ஒருவர் மற்றவரிடம் ஆங்கிலத்தில், “கடலில் இந்தக் காற்று போதாது என்று குறை சொன்னாயே, இப்போது தள்ளு” என்றார். வண்டி சீறிக்கொண்டு வெளியே வந்தபோது எங்கள் எல்லார் மேலும் மணல். தியா சிரிக்கச் சிரிக்க ராத்தா அவள் தலைமயிரைத் தட்டிவிட்டார்.

கோயில் முற்றம் திருவிழாக் காலம் இல்லாததால் அமைதியாக இருந்தது. நான் மெழுகுதிரி ஏற்றும்வரை ராத்தா வெளியே மரநிழலில் தியாவை வைத்துக்கொண்டு நின்றார். மரியாளைப் பெற்ற தாய் அன்னம்மாள். தாய்மாருக்கு நெருக்கமானவர் என்று மாமியார் சொல்வார். நான் என்ன கேட்பது என்று தெரியாமல், பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்று கேட்டேன். அதோடு அந்த அலுமாரியைப் பற்றியும் கேட்டேன். தளபாடத்துக்காக வேண்டுவது சரிதானா என்று உடனே சந்தேகம் வந்தது.

திரும்பும் வழியில் ராத்தா தானாகவே கதைக்கத் தொடங்கினார். “மகள், அந்த உள்ளறைப் படம். அத நாங்க ஒண்டும் செய்யயில்ல. தொடக்கூட இல்ல.”

“நான் ஒன்றும் கேட்கவில்லையே ராத்தா.”

“ஓம், ஓம். சும்மா சொன்னன்.” முந்தானை ஓரம் மறுபடி பல்லுக்கிடையில் போயிற்று.

திறப்புத் தொலையவில்லை. அந்த ஓவியத்துக்கு ஏதோ ஆகிவிட்டது. மூன்றில் அதுதான் மிஸ் டான் நேசிப்பது. கூரை ஒழுகியதோ? கரையான் ஏறியதோ? இவர்கள் எங்கேயாவது கொடுத்துவிட்டார்களோ? கடைசி எண்ணத்துக்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். மாற்றி யோசிக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் என் தலையாட்டலைச் சரி செய்வது என்று தீர்மானித்தேன். நிஸாம் நானா முற்றத்தில் வலை ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். இடைவெளி எதற்கென்று, ரெசின் என்ன செய்ததென்று. கையிலிருந்த ஊசியை அவர் வலையிலேயே குத்தி வைத்தார்.

“அப்ப வெடிச்சது என்னால.”

“உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை நானா.”

“கடலுக்குப் போறவன் ஓட்டையக் கண்டா விட்டுட்டு இரிப்பானா, மகள்? உசிரு போயிரும்.” மடியிலிருந்த வலையைக் கீழே இறக்கி வைத்தார். “இதத்தான் அங்க செல்லப் போறீங்க. வீட்ட மூடிருவாங்க.”

“அலுமாரியைப் பற்றிச் சொல்லத்தான் வேணும். மற்றது எனக்கும் தெரியாது. நான் இன்னும் அந்தப் பெரிய ஓவியத்தைப் பார்க்கவில்லை.”

அவர் குசினிப் பக்கம் திரும்பினார். “பரீதா! தொறப்பக் கொண்டு வா. இதுக்கு மேல என்னத்த மறைக்கிற?”

ராத்தா திறப்பைத் தேடிப் போகவில்லை. இடுப்பில் செருகியிருந்த முடிச்சிலிருந்தே எடுத்தார்.

உள்ளறை சிறியது. சுத்தமான சீமெந்துத் தரை. மூலையில் சுருட்டி வைத்த தொழுகைப் பாய். மேற்குச் சுவரில், ஆளுயரத்துக்கு, பூவேலைப் பட்டுக் கரை போட்ட ஒரு நீண்ட துணி தொங்கியது. அதன் மேல் மெல்லிய மஞ்சள் பட்டுத் திரை ஒன்று முழுவதுமாக இறங்கியிருந்தது. ஓவியம் தெரியவில்லை.

“நான்தான் மூடினன்” என்றார் ராத்தா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இந்த அறையிலதான் சத்தம் இல்ல. தொழுறதுக்கு இதுதான் வசதி. ஆனா தொழ நிக்கிற திசை, கிப்லா, அந்தப் பக்கம். உருவத்துக்கு முன்னால நிண்டு எப்பிடித் தொழுற? முந்தி தொழுற நேரம் மட்டும் எறக்குவன், முடிஞ்சதும் கட்டி விடுவன். ஆக்கள் வாரது நிண்டதும் அப்பிடியே விட்டுட்டன். அவங்கட சாமிய நான் மறச்சி வச்சிட்டன். மேடம் கேட்டா என்ன நெனப்பாங்க? அவமரியாத எண்டுதானே?”

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அவர் முகம் சுருங்கியதைக் கண்டு அவசரமாகக் கையைப் பிடித்தேன்.

“ராத்தா, அந்தத் திரை எங்கிருந்து வந்தது?”

“அதோடயே இரிந்திச்சி.”

“மூடுவதற்காகத்தான் இருந்தது. இந்த ஓவியங்களை அங்கேயும் எந்நேரமும் திறந்து வைப்பதில்லை. வழிபடும் நேரம் மேலே தூக்கிக் கட்டுவார்கள். மற்ற நேரம் இறக்கி விடுவார்கள். புகைபடாமல், வெயில்படாமல் இருக்க. நீங்கள் செய்ததுதான் அவர்களும் செய்வது.”

ராத்தா என்னை நம்பாமல் பார்த்தார். “என்ட நிம்மதிக்காகச் செல்றீங்க.”

நான் திரையைக் கீழிருந்து மெல்லச் சேர்த்து, இருபுறமும் தொங்கிய சிவப்பு நாடாக்களால் மேலே கட்டினேன். நூற்றாண்டு பழைய பட்டு. பிறகு பின்னால் நகர்ந்து பார்த்தேன்.

பச்சை. மழை நின்றவுடன் வயலில் தெரியும் பச்சை. ஒரு கல்லை மாதக்கணக்காக அரைத்து எடுத்த நிறம் அது. நடுவில் தாரா, திபெத்தியரின் பெண் தெய்வம், தாமரைமேல் இருந்தாள். நகை ஒவ்வொன்றும் பொன்னில் ஒற்றை மயிர்க் கோடு. கையில் நீலத் தாமரை பாதி விரிந்திருந்தது. துணியின் ஓரத்தைச் சற்றே தூக்கி முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவளுடைய நெற்றிக்கும் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நேர் பின்னால் மூன்று மந்திர எழுத்துகள் எழுதியிருந்தன. எழுதி முடித்துப் புனிதமாக்கிய பின்தான் வரைந்தவன் தன் வேலை முடிந்ததாக எண்ணுவான். ஒரு செதிலும் எழும்பவில்லை. கண்ணாடிக்குள் வைத்த மற்ற இரண்டும் கெட்டிருக்க, இது மட்டும் பட்டுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

தாராவின் இடது கால் மடிந்திருக்கும். வலது கால் கீழே நீண்டு, ஒரு சிறு தாமரையில் பாதம் ஊன்றியிருக்கும். யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்து போகத் தயாராக இருப்பதாக அர்த்தம். கடைப் பட்டியலில் இந்த விளக்கத்தை நானே எழுதியிருக்கிறேன். அன்றுதான் அந்தக் காலை ஒழுங்காகப் பார்த்தேன்.

“இவங்க ஏன் ஒரு கால நீட்டிக்கிட்டு இரிக்கிறாங்க?” என்று கேட்டார் ராத்தா, கதவருகில் நின்றபடியே, பார்த்தும் பார்க்காமலும்.

“பிள்ளை அழுதால் ஓட.”

ராத்தா வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப ஒங்கள மாதிரித்தான்.”

அதற்குள் தியா என் கால்களுக்கிடையில் புகுந்து வந்துவிட்டாள். நாடாவை இழுத்தாள். திரை சரிந்து இறங்கியது. கிழியவில்லை. அவள் திரையை விலக்கித் தாராவைப் பார்த்து “பே!” என்றாள். மறுபடி மூடினாள். மறுபடி “பே!” ராத்தா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் அங்கேயே கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை மிஸ் டானைக் காணொளியில் அழைத்தேன். முதலில் மோசமானதைச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். அலுமாரிக் கதவைக் காட்டினேன். ரெசின் என்றதும் அவர் புருவம் உயர்ந்தது. படகுக்காரர் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

“அது இனி மூழ்காது” என்றார். “பரவாயில்லை. இங்கே அனுப்பு. நம் தச்சர் பலகையை மாற்றுவார்.”

கண்ணாடி ஓவியங்களைக் காட்டினேன். “அது என் பிழை” என்றார் சட்டென்று. கடைசியாக உள்ளறைக்குப் போய்த் திரையைத் தூக்கினேன். அவர் கைபேசித் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். கண் கலங்கியது போலிருந்தது. வயதானவர்களுக்கு அப்படித்தான், சரியாகச் சொல்ல முடியாது.

“யார் இதை மூடி வைத்தது?”

சொன்னேன். மறைக்காமல், தொழுகைப் பாய், கிப்லா எல்லாவற்றையும். ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ் டான் சொன்னார்: “அந்தச் சுவரில் மாட்டியது நான். அவர் எந்தத் திசை பார்த்துத் தொழுவார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்டுச் சொல். வேறு சுவருக்கு மாற்ற வேண்டுமா?”

மொழிபெயர்த்தேன். ராத்தா அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“மற்றச் சுவருக்குப் பின்னேரத்து வெயில் நேரா அடிக்கும். கெட்டுப் போகும். அங்கயே இரிக்கட்டும். திரைதானே, நான் எறக்கிக்குவன்.” பிறகு, தாழ்ந்த குரலில், “அப்ப வீடு?” என்றார்.

அதையும் மொழிபெயர்த்தேன்.

“வீடு இருக்கட்டும்” என்றார் மிஸ் டான். “அவர் போனால் அந்தத் திரையை யார் இறக்குவது?”

நிஸாம் நானா அந்தப் பின்னேரமே அலுமாரிக்குப் பெட்டி அடிக்கத் தொடங்கினார். நான் தியாவுக்குக் குளிக்க வார்த்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பலகைக்கும் இடையில் விரல் நுழையும்படி விட்டிருந்தார்.

“பாத்தீங்களா மகள்? எங்கயும் அடைக்கயில்ல. மூச்சு விடட்டும்.”

“நானா” என்றேன், “இது கப்பலில் போகிற பெட்டி. உப்புத் தண்ணீர் படும். இதை மட்டும் அடைக்கத்தான் வேணும்.”

அவர் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். “படிச்ச ஆக்களோட வேலை செய்யிறது பெரிய பாடு, அல்லாவே. அடைக்காதண்டா அடைக்காத, அடையண்டா அடை.” அந்த ரெசின் டின்னை வெளியே எடுத்து வந்தபோது அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

மறுநாள் விடியற்காலை புறப்பட வேண்டும். பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகை முடிந்ததும் ராத்தா உள்ளறையிலிருந்து வந்து, அவர்கள் பக்கத்து விறாந்தையில் பாய் விரித்தார். சீலா மீன் குழம்பு, கணவாய்ப் பொரியல், என் அளவுக்கு மிஞ்சிய சோறு. ஆவி பறந்தது. காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. தியா பெட்டிப் பக்கம் நிஸாம் நானாவோடு நின்று, மிஞ்சிய ஆணிகளை ஒவ்வொன்றாக அவர் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆணி குத்துமோ என்று நான் ஒரு கண்ணை அங்கே வைத்தபடி உட்கார்ந்தேன்.

“என்ன மகள்” என்றார் ராத்தா, குழம்பை அள்ளி வைத்துக்கொண்டே. “எந்நேரமும் ஓடப் போற மாதிரியே இரிக்கிறீங்க. கால மடக்கி ஒழுங்கா இரிங்க. அவரு பாத்துக்குவாரு.”

குனிந்து பார்த்தேன். இடது கால் மடிந்திருந்தது. வலது கால் பாயைத் தாண்டி வெளியே, வெறுந்தரையில் ஊன்றியிருந்தது.

மடக்கினேன். முதல் கவளம் நாக்கைச் சுட்டது. நண்டுக் காலும் இரண்டு வைத்திருந்தார் ராத்தா. வந்த அன்று நான் தொடாமல் விட்டதைக் கவனித்திருக்கிறார். அவற்றை ஒவ்வொன்றாக உடைத்துச் சாப்பிட்டேன். சோற்றுக் கோப்பை காலியானபோதும் அடியில் சூடு இருந்தது.